பொய்ச் சதைக்குள் மூடுபனி

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் காட்டேரி தாண்டியதும் மேகம் சாலைமேலேயே படுத்துக் கிடந்தது. முன்னால் போன பேருந்தின் பின்விளக்குகள் இரண்டு சிவப்புப் பொட்டுகளாகத் தெரிந்து, மங்கி, பிறகு காணாமலே போயின. எங்கள் வேன் ஓட்டுநர் விளக்கைத் தாழ்த்தினார். "பிரைட் போட்டா வெள்ளைச் சுவரு மாதிரி ஆயிடும் சார். டிம்லயே மெதுவா போயிடலாம்" என்றார். பாதையோரத் தேயிலையில் முதல் வரிசை இலை இலையாகத் தெரிந்தது. இரண்டாவது வரிசை சாம்பல் நிறம். மூன்றாவது வரிசை இல்லவே இல்லை.

மூடுபனி ஒளியைத் தின்பதில்லை. தின்றால் இருட்டாக அல்லவா இருக்க வேண்டும்? சுற்றிலும் வெளிச்சம் நிறைந்துதான் இருக்கிறது. எந்த ஒளி எங்கிருந்து புறப்பட்டது என்ற செய்தி மட்டும் அழிந்துபோயிருக்கிறது. 5 முதல் 20 மைக்ரான் வரை குறுக்களவுள்ள நீர்த்துளிகள், தம்மேல் படும் ஒளியின் திசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிவிடுகின்றன. துளிக்குத் துளி திசை மாறி மாறி, செடியிலிருந்து கிளம்பிய ஒளி செடியின் உருவத்தைத் தொலைத்துவிட்டு, வெறும் வெளிச்சமாக நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. ஓட்டுநர் சொன்ன வெள்ளைச் சுவர், அவருடைய விளக்கின் ஒளியே துளிகளில் சிதறித் திரும்பி வந்ததுதான்.

இந்த மூடுபனியைப் பார்க்க மலையேற வேண்டியதில்லை. கைப்பேசியின் டார்ச்சை எரியவிட்டு, அதன்மேல் ஆள்காட்டி விரல் நுனியை அழுத்திப் பாருங்கள். விரல் முழுவதும் சிவப்பாக ஒளிரும். நடுவில் எலும்பு இருக்கிறது. அதன் நிழலைத் தேடினால் கிடைக்காது. சிவப்பு வருவது இரத்தத்தால். ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் உட்கவர்ந்துகொண்டு சிவப்பை விட்டுவிடுகிறது. எலும்பு மறைவதோ சிதறலால். செல்லின் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கொலாஜன் இழைகள் எல்லாம் அங்கே நீர்த்துளிகளின் வேலையைச் செய்கின்றன.

எவ்வளவு அடர்ந்த மூடுபனி அது? 40 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத அளவுக்கு மேகம் இறங்கியிருந்தால், ஒரு ஃபோட்டான் சராசரியாக 10 மீட்டர் போனதும் ஏதாவது ஒரு துளியில் மோதும். இதைச் சராசரி மோதலிடைத் தூரம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நம் தோலில் அந்தத் தூரம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். அதாவது, காட்டேரி வளைவில் நாங்கள் கண்ட மேகத்தைவிட லட்சம் மடங்கு அடர்ந்த மேகத்தை ஒவ்வொருவரும் தோலாகப் போர்த்தியிருக்கிறோம்.

அந்த 0.1 என்ற எண்ணை எப்படி அளக்கிறார்கள், ஏன் அளந்தே ஆக வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இன்று மருத்துவத்தில் ஒளி செய்யும் வேலைகள் பல. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், பச்சிளங்குழந்தையின் நெற்றியில் வைத்து மஞ்சள் காமாலையை மதிப்பிடும் கருவி, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி என எல்லாமே ஒளியைச் சதைக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கின்றன. இவை சரியாகத்தான் படிக்கின்றனவா என்று சோதிக்க ஓர் அளவுகோல் வேண்டும். கடைத் தராசைச் சோதிக்க முத்திரை குத்திய எடைக்கல் இருப்பதுபோல. மனித விரல் எடைக்கல் ஆகாது. ஆளுக்கு ஆள் தடிமன் மாறும், நிறம் மாறும். ஊட்டிக் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி, ஒரே ஆளின் விரலே காலையில் ஒன்றும் மதியம் வேறொன்றுமாக இருக்கும். வெட்டியெடுத்த திசுவோ சில மணி நேரத்தில் காய்ந்து தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். அதனால் ஆய்வகங்களில் பொய்ச் சதை செய்கிறார்கள். ஒளியைப் பொறுத்தவரை உண்மைச் சதைபோலவே நடந்துகொள்ளும், நாளையும் அடுத்த மாதமும் மாறாதிருக்கும் ஒரு பொருள். திசுப்போலி என்று இதைச் சொல்லலாம்.

அதற்கான சரக்குகள் நமக்கு அந்நியமானவை அல்ல. உருவம் கொடுக்க அகர் அல்லது ஜெலட்டின். அகர் என்பது ரமலான் மாதத்தில் பல வீடுகளில் இனிப்பாகக் காய்ச்சும் கடல்பாசிதான். அதற்கான பாசியை மன்னார் வளைகுடாவில் மீனவப் பெண்கள் மூழ்கி எடுத்து வருகிறார்கள். சிதறலுக்குப் பால், அல்லது இன்ட்ராலிபிட். வாயால் உண்ண முடியாத நோயாளிகளுக்குச் சிரை வழியாக ஏற்றும் வெண்ணிறக் கொழுப்புத் திரவம் அது; சோயா எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக்கிச் செய்தது. 1962இல் சுவீடனில் நோயாளிகளுக்காக வந்த மருந்து, பிறகு இயற்பியலாளரின் மேசைக்கும் வந்துவிட்டது. உட்கவர்தலுக்குக் கறுப்பு மை சில சொட்டு. நீண்ட நாள் நிற்க வேண்டுமானால் சிலிக்கோன் ரப்பரில் டைட்டானியம் டைஆக்சைடு, அதாவது வெள்ளைப் பெயின்டின் நிறமி.

ஊட்டியில் ஓர் உறவினர் வீட்டுச் சமையலறையில் இதைச் செய்து பார்த்தேன். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 92 அல்லது 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அகர் கரைய 85 டிகிரியாவது வேண்டும். கடல் மட்டத்தில் 15 டிகிரி இடைவெளி இருக்கிறது, ஊட்டியில் அதில் பாதிதான். அடுப்பிலிருந்து இறக்கிய உடனேயே கரையல் கெட்டிப்பட்டுவிடும் என்று பயந்தேன். அப்படி ஆகவில்லை. அகருக்கு ஒரு விசித்திர குணம் உண்டு: 85இல் கரைவது 40 வரை ஆறினால்தான் உறையும். அந்த இடைவெளியில், கை பொறுக்கும் சூட்டில் பாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினேன். வேகமாகக் கலக்கியதில் குமிழிகள் விழுந்தன. முதல் தட்டை எடுத்துக் கொட்ட வேண்டியதாயிற்று. குமிழி ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒளியைச் சிதறடிக்கும், கணக்கு கெடும். இரண்டாம் தட்டு நன்றாக உறைந்தது. பக்கவாட்டில் வெள்ளை வெளிச்சம் அடித்தபோது இளநீலமாகவும், விளக்கை நேரே பின்னால் வைத்துப் பார்த்தபோது செம்மஞ்சளாகவும் தெரிந்தது. பாலிலுள்ள கேசின் புரத உருண்டைகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. சிறிய துகள்கள் நீலத்தையே அதிகம் சிதறடிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து பார்க்கும்போது இந்த மலைகள் நீலமாகத் தெரிவதற்கும் இதே காரணம்தான். அங்கே சிதறடிப்பவை காற்றின் மூலக்கூறுகளும் மிக நுண்ணிய தூசும். தட்டில் உறைந்திருந்த அந்த நீலத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெலட்டினில் நுண்துகள்களைத் தூவி ஒளியை ஆளும் கலை ஊட்டிக்குப் புதிதல்ல. 1960இல் தொடங்கப்பட்டு 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம், இந்துநகரில் இதையே தொழிலாகச் செய்தது. ஒளிப்படச் சுருள் என்பது என்ன? ஜெலட்டினுக்குள் வெள்ளி புரோமைடு படிகங்கள், மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கும். ஒரு மைக்ரான் அளவிலான அந்தப் படிகங்கள் ஒளியைப் பதிவு செய்வதோடு நிற்பதில்லை, சிதறடிக்கவும் செய்யும். சிதறினால் படத்தின் விளிம்பு கசியும். அதனால் படிகத்தின் அளவு, அடர்த்தி, படலத்தின் தடிமன் மூன்றையும் கட்டுக்குள் வைப்பதே அந்தத் தொழிலின் உயிர். நாட்டின் மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே பிலிம் அங்கிருந்து போனது. பின்னர் ஆலை நலிந்து மூடப்பட்டது. திசுப்போலி செய்பவர் இன்று பிடிக்க வேண்டிய மூன்று கடிவாளங்களும் அந்தத் தொழிலாளர்களுக்குப் பழகியவை என்று நினைக்கும்போது, அந்தக் கைத்திறன் அப்படியே கலைந்துபோனது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

பொய்ச் சதை தயார். அது உண்மையில் எவ்வளவு சிதறடிக்கிறது? இங்கேதான் நுண்ணோக்கி வருகிறது.

முதலில் மெல்லிய சீவல் வேண்டும். ஒரு கண்ணாடி ஸ்லைடின் இரு ஓரத்திலும் கவர் ஸ்லிப் துண்டை வைத்து, நடுவில் சூடான கரையலை ஊற்றி, மேலே இன்னொரு ஸ்லைடால் அழுத்தினால், கவர் ஸ்லிப்பின் தடிமனுக்குச் சீவல் கிடைக்கும்: 0.17 மில்லிமீட்டர். அந்தத் தடிமனையும் நம்பிவிடக் கூடாது, அளக்க வேண்டும். தமிழ்நாட்டில் இயற்பியல் படித்த யாருக்கும் நகரும் நுண்ணோக்கி மறந்திருக்காது. கண்ணாடிப் பட்டகத்தின்மேல் லைகோபோடியம் தூளைத் தூவி, மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் குவியப்படுத்தி ஒளிவிலகல் எண் கண்டுபிடித்தோமே, அதே சோதனையின் மறுபக்கம் இது. சீவலின் மேற்பரப்பில் ஒரு குவியம், அடிப்பரப்பில் ஒரு குவியம். இடையில் வில்லை நகர்ந்த தூரம் சுமார் 128 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். நீர்ப்பொருளின் ஒளிவிலகல் எண் 1.33. பெருக்கினால் 170 மைக்ரான். மதிப்பெண்ணுக்காகச் செய்த செய்முறை இங்கே உயிர் பெறுகிறது.

அடுத்து, கீழிருந்து லேசர் ஒளியைச் செலுத்தி, மேலே வரும் ஒளியை நுண்ணோக்கியின் பொருளருகு வில்லையால் பிடிக்க வேண்டும். ஒரு மோதலும் இல்லாமல் நேராகக் கடந்து வந்த ஒளி எவ்வளவு என்பதே கேள்வி. சதைக்கு நிகரான போலியில், 0.17 மில்லிமீட்டர் சீவலைக் கடந்து 100இல் 18 பங்கு நேராக வரும். இரட்டைத் தடிமனில் 3 பங்கு. மூன்று மடங்கில் ஒரு பங்குகூட வராது. தடிமனை ஓர் அச்சிலும் ஒளியின் மடக்கையை இன்னோர் அச்சிலும் குறித்தால் நேர்கோடு விழும். அதன் சாய்வே சிதறல் கெழு: மில்லிமீட்டருக்கு 10. அதைத் தலைகீழாக்கினால் நாம் தேடிய 0.1 மில்லிமீட்டர்.

எளிதுபோலத் தெரிகிறது. ஆனால் சிதறிய ஒளியும் பொல்லாதது, முன்னோக்கியே அதிகம் ஓடும். சதையில் ஒரு மோதலுக்கு ஒளி திரும்பும் கோணம் ஏறக்குறைய 26 பாகைதான். அதன் கோசைன் 0.9, இந்த எண்ணை ஜி என்ற எழுத்தால் குறிப்பார்கள். எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறினால் ஜி சுழியம். மேகத் துளிக்கு 0.85. இன்ட்ராலிபிட்டுக்குச் சிவப்பு லேசரில் 0.73 என்று 1991இல் அளந்து வெளியிட்டார்கள். சதைக்கும் மேகத்துக்கும் இந்த விஷயத்தில் இவ்வளவு நெருக்கம் இருப்பது எனக்கு வியப்பளித்தது. ஜி 0.9 என்றால், ஒளி தான் வந்த திசையை அடியோடு மறக்கப் பத்து மோதல்கள் வேண்டும். சதையில் அது ஒரு மில்லிமீட்டர் பயணம். நுண்ணோக்கியின் வில்லை அகலமாக இருந்தால், லேசாகத் திரும்பிய இந்த ஒளியும் நேராக வந்த ஒளியோடு சேர்ந்து உள்ளே நுழைந்துவிடும். சிதறல் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஆகவே வில்லைக்குப் பின்னால் ஊசித்துளை போன்ற தடுப்பு வைத்து வாசலைக் குறுக்குகிறார்கள்.

வாசலைக் குறுக்காமல், எந்தக் கோணத்தில் எவ்வளவு வருகிறது என்று முழுவதையும் பார்க்கவும் வழி உண்டு. பொருளருகு வில்லையின் பின்குவியத் தளத்தில் ஒவ்வொரு கோணமும் ஒவ்வொரு புள்ளியாக விழும். அதைப் பார்க்க உதவும் பெர்ட்ராண்ட் வில்லை, பாறைச் சீவல்களை ஆராயும் புவியியல் நுண்ணோக்கிகளில் வெகுகாலமாக இருக்கிறது. நீலகிரியின் சார்னோக்கைட் பாறையைச் சீவி வைத்துப் பார்த்த அதே வகைக் கருவி, பொய்ச் சதையின் ஜியையும் சொல்லும்.

சீவ முடியாத தடித்த போலிக்குக் கன்ஃபோகல் நுண்ணோக்கி. இதை யோசித்த மார்வின் மின்ஸ்கி, மூளையின் நரம்புச் சிக்கலைப் பார்க்க முயன்று, சிதறிய ஒளி படத்தைக் கெடுப்பதைக் கண்டு, குவியத்திலிருந்து வரும் ஒளியை மட்டும் ஊசித்துளை வழியே அனுமதிக்கும் ஏற்பாட்டைக் கண்டார்; 1957இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இதில் குவியத்தைப் போலிக்குள் படிப்படியாக இறக்கிக்கொண்டே போனால் திரும்பிவரும் வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். ஒளி போகவும் வேண்டும், வரவும் வேண்டும், எனவே 0.1 மில்லிமீட்டர் இறங்குவதற்குள் ஏழில் ஒரு பங்காகிவிட வேண்டும். முன்னோக்கிச் சிதறல் அதிகமுள்ள பொருளில் வெளிச்சம் அதைவிட மெதுவாகத் தேயும், லேசாக விலகிய ஒளியும் குவியத்தைத் தொட்டுவிடுவதால். மேற்பரப்பில் வெளிச்சம் எவ்வளவு, எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எத்தனை முறை சிதறுகிறது, எந்தப் பக்கம் சிதறுகிறது என்ற முடிச்சு அவிழும்.

பலமுறை சிதறிய ஒளிக்கு இந்த நேர்கோட்டுக் கணக்குகள் போதா. அதற்கு ஒரு பெரிய சமன்பாடு இருக்கிறது. அதைச் செம்மையாக்கி 1950இல் நூலாகத் தந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். ஒளிச்சிதறலுக்காக நோபல் பெற்ற சர் சி.வி. இராமனின் அண்ணன் மகன். விண்மீனின் வளிமண்டலத்திலிருந்து ஒளி எப்படி வெளியேறுகிறது என்று கணக்கிட அவர் எழுதிய நூல் அது. விண்மீன் வளிமண்டலம், மேகம், பால், விரல் எல்லாம் அந்தச் சமன்பாட்டுக்கு ஒன்றுதான். கெழுக்கள் மட்டுமே வேறு. திசு ஒளியியல் இன்றும் அந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது.

இனி விரலுக்குத் திரும்புவோம். 1974இல் ஜப்பானின் தகுவோ அவோயாகி முன்வைத்த கொள்கையில் இயங்கும் இன்றைய ஆக்சிமீட்டர், 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் விரலுக்குள் அனுப்பி, துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை ஒப்பிடுகிறது. சிதறல் இல்லாவிட்டால் எளிய சூத்திரம் ஒன்றே போதும். சிதறல் இருப்பதால் சூத்திரம் பொய்த்தது. ஆகவே ஆரோக்கியமான தன்னார்வலர்களின் ஆக்சிஜனை மெல்லக் குறைத்து, இரத்தம் எடுத்து ஒப்பிட்டு, அந்த அட்டவணையைக் கருவிக்குள் பதித்தார்கள். அந்தத் தன்னார்வலர்கள் யார், அவர்கள் தோல் என்ன நிறம் என்ற கேள்வி வெகுகாலம் பெரிதாக எழவில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. கருவி இரத்த ஆக்சிஜன் செறிவை 92 முதல் 96 விழுக்காடு வரை காட்டிய நோயாளிகளில், உண்மையில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு. மேல்தோலில் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் மெலனின், கருவியை அப்படி ஏமாற்றியிருக்கிறது.

இது எங்கோ நடந்த சங்கதி என்று விட முடியாது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் இரத்தத்தில் அரிவாள் செல் பண்பு இருப்பதைப் பதிவு செய்தார்கள். அரிவாள் செல் நோய் உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் குறைந்தால் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். வளைந்த அந்தச் செல்லை நுண்ணோக்கியில் ஒருமுறை பார்த்தால் மறக்க முடியாது. அந்நோய் முற்றி மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் விரலில் முதலில் மாட்டப்படுவது ஆக்சிமீட்டர். விரலோ கறுத்த விரல். ஊரோ காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைந்த மலை. ஓரிரு புள்ளி தவறினாலும் பொருட்படுத்த வேண்டிய இடம் இது.

தோல் நிறத்துக்கு ஏற்ப மெல்லிய மேலடுக்கு போட்ட போலி விரல்களை இப்போது பல ஆய்வகங்கள் செய்கின்றன. மனிதரை வைத்துச் செய்யும் சோதனைக்கு அவை மாற்று ஆகா. ஆனால் கருவி எங்கே தடுமாறுகிறது என்பதை, யாருடைய மூச்சையும் குறைக்காமல் முன்கூட்டியே காட்டிக் கொடுக்கும். இதற்கு அகர், பால், மை, ஒரு லேசர், ஒரு நுண்ணோக்கி போதும் என்று தொடங்கலாம். நம் கல்லூரி இயற்பியல் துறைகளில் நகரும் நுண்ணோக்கி இல்லாத துறை இருக்காது. நம் தோல் நிறங்களுக்கான எடைக்கற்களை நம் மாணவர்கள் செய்து, அளந்து, எண்களை எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டுத் திட்டப்பணிக்கு இதைவிடப் பயனுள்ள தலைப்பு எனக்குத் தெரியவில்லை.

அதுவரை, வீட்டில் ஆக்சிமீட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கருவி 94 காட்டுகிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் எண்ணைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.